வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு யார் வருவார்? நீலகிரியில் பள்ளி, பெற்றோர், ஊர்: யாருடைய பொறுப்பு எதுவரை?

அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கும் வீடுகளுக்கு மாதம் ஒரு முறை போல ஒரு செய்தி வருகிறது: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், தவறாமல் கலந்துகொள்ளவும். இது பழைய பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு வைத்த புதுப்பெயர் என்று நினைத்துப் பாதிப்பேர் கடந்துவிடுகிறார்கள். மீதிப்பேர் நன்கொடை கேட்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் தவறு.

இந்தக் குழப்பத்துக்குக் கீழே இன்னொரு குழப்பம் இருக்கிறது. பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால் வீட்டில் கவனிப்பில்லை என்கிறது பள்ளி. பள்ளியில் சொல்லித்தரவில்லை என்கிறது வீடு. காலம் கெட்டுப்போச்சு என்கிறது ஊர். சட்டப்படி யார் எதற்குப் பொறுப்பு, நீலகிரி போன்ற மலை மாவட்டத்தில் அந்தப் பங்கீடு எங்கே கழன்றுகொள்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஊட்டி என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது 1858இல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் மாதிரியான உறைவிடப் பள்ளிகள்தான். இங்கே பேசப்போவது அவற்றைப் பற்றியல்ல. படுகர் ஊர்களான ஹட்டிகளிலும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எஸ்டேட் லைன்களிலும், பழங்குடிக் கிராமங்களிலும் இருந்து நடந்து போகும் பிள்ளைகளின் பள்ளிகளைப் பற்றி.

சட்டம் பிரித்துவைத்த பங்கு

6 வயது முதல் 14 வயது வரை கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி என்பதை உரிமையாக்கிய சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பொறுப்புகள் இவை:

1. அரசும் உள்ளாட்சியும் (பிரிவு 8, 9): பக்கத்தில் பள்ளி, கட்டடம், ஆசிரியர், பாடப்பொருள் எல்லாம் ஏற்பாடு செய்வது. பிள்ளை சேர்ந்ததா, தொடர்ந்து வருகிறதா என்று கண்காணிப்பதும் இவர்கள் வேலைதான். 1 முதல் 5ஆம் வகுப்பு வரையிலான பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும், 8 வரையிலானது 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது பொது அளவுகோல்.

2. ஆசிரியர் (பிரிவு 24): நேரத்துக்கு வருவது, பாடத்தை முடிப்பது. கூடவே பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்வது. கடைசியாகச் சொன்னது ஆசிரியரின் நல்ல மனசைப் பொறுத்த விஷயமில்லை, சட்டக் கடமை.

3. பெற்றோர் (பிரிவு 10): பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது. சேர்க்காவிட்டால் தண்டனை என்று இந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. 2002இல் வந்த 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளில் ஒன்றாகவும் சேர்த்தது.

4. பள்ளி மேலாண்மைக் குழு (பிரிவு 21, 22): பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது.

மூன்றாவதை இன்னொரு முறை படிக்கலாம். வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது பெற்றோரின் கடமை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ‘வீட்டில் கவனிக்கவும்’ என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினால், எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அதை வாசித்துச் சொல்வதும் அந்தப் பிள்ளைதான். அதுவும் என்ன எழுதியிருக்கிறது என்று உண்மையைச் சொல்லுமா என்பது வேறு விஷயம்.

வயது வரம்பையும் கவனிக்க வேண்டும். 6 வயதுக்குக் கீழே அங்கன்வாடியின் பொறுப்பு. 14க்கு மேலே இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. மேல்நிலைப் பள்ளி தூரமாக இருக்கும் மலைக் கிராமங்களில் பெண்பிள்ளையின் படிப்பு நிற்குமா தொடருமா என்று வீட்டில் பேச்சு எழுவதும் அந்த வயதில்தான்.

கழகம் வேறு, குழு வேறு

பெற்றோர் ஆசிரியர் கழகம் பழைய அமைப்பு. சந்தா, நன்கொடை, ஆண்டுவிழா, அவசரத்துக்கு ஒரு தற்காலிக ஆசிரியர் என்று பள்ளிக்குக் கைகொடுப்பது அதன் வேலை. மேலாண்மைக் குழு சட்டத்தால் வந்தது. பள்ளியிடம் கணக்குக் கேட்கும் இடத்தில் அது இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் அதற்கு முழுப் பொறுப்பு உண்டு. அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். தமிழ்நாட்டில் 2022இல் 20 பேர் கொண்ட குழுக்களாக இவை புதிதாக அமைக்கப்பட்டன. தலைவர் பதவி தாய்மார்களுக்கு. தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவர் மட்டுமே. 2024இல் மறுகட்டமைப்பு நடந்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டு உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது.

இப்படி ஒரு குழு இருப்பதே பலருக்குத் தெரியவந்தது 2022 ஜூலையில்தான். 13,331 காலிப் பணியிடங்களில் தற்காலிக ஆசிரியர்களை இந்தக் குழுக்கள் வழியாக நியமிக்க அரசு முடிவெடுத்தது. மாதத் தொகுப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு ரூ.7,500, பட்டதாரி ஆசிரியருக்கு ரூ.10,000, முதுநிலை ஆசிரியருக்கு ரூ.12,000. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. நிரந்தர ஆசிரியர் இல்லாத குறையை நிரப்பும் வேலையைப் பெற்றோர் குழுவின் தலையில் வைத்தது சரியா என்ற கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சரியில்லை என்பது என் கருத்து.

நிதி எவ்வளவு? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை என்றால் ஆண்டுக்கு ரூ.10,000, 31 முதல் 100 வரை என்றால் ரூ.25,000. பல மலைப் பள்ளிகள் முதல் வரிசையில்தான் நிற்கும். சமவெளியில் 30 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் அதே தொகைதான். ஆனால் தென்மேற்குப் பருவமழையில் ஒழுகும் ஓட்டுக் கூரையையும் ஈரம் குடித்த சுவரையும் வைத்துக்கொண்டு அந்தப் பத்தாயிரத்தில் எது முதலில் என்று முடிவெடுப்பது வேறு கணக்கு.

வெள்ளிக்கிழமை மூன்று மணி

குழுக் கூட்டம் வழக்கமாக ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், மூன்று மணி வாக்கில். சென்னையில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தால் நியாயமான நேரம்தான். பள்ளி முடியும் நேரம், அம்மாக்கள் பிள்ளையைக் கூட்டிப்போக வருவார்கள், அப்படியே உட்காரலாம்.

தேயிலைத் தோட்டத்தில் அந்த நேரம் வேறு. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அன்றைய கடைசி நிறுவை முடியாமல் இறங்கி வர முடியாது. கிலோக்கணக்குதான் கூலியைத் தீர்மானிக்கும். நடுவில் போனால் அரைநாள் சம்பளம் போகும், அல்லது அன்றைய அளவு குறையும். கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் இன்னும் மோசம். சொந்தமாக ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கும் விடுதலை இல்லை. கொழுந்து வண்டி வரும் நேரத்துக்கு மூட்டை ரோட்டோரம் இருந்தாக வேண்டும்.

அதே மாவட்டத்தில் கேத்திப் பள்ளத்தாக்குப் பக்கம் போனால் கடிகாரமே வேறு. கேரட் அறுவடைக்குப் போகிறவர்கள் விடியலுக்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். கேரட் கழுவி, மூட்டை கட்டி, லாரி ஏறினால்தான் மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு போய்ச்சேரும். அவர்களுக்கு மூன்று மணிக் கூட்டம் வசதிதான். அந்த வீட்டில் இல்லாமல் போவது காலை நேரம். பிள்ளையை எழுப்பித் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்ப ஆள் இருக்காது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் அருமை தெரிவது இந்த வீடுகளில்தான். 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த திட்டம் அது. சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். பள்ளியும் வீடும் ஊரும் ஒரே இடத்தில் தொட்டுக்கொள்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், ஆவி பறக்கும் உப்புமா அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றால் போதும். கரண்டி பிடிப்பவரின் பிள்ளையோ பேரப்பிள்ளையோ வரிசையில் நின்றாலும் நிற்கும்.

ஆக, கூட்டத்துக்கு ஆள் வராததற்குப் ‘பெற்றோருக்கு அக்கறையில்லை’ என்று காரணம் எழுதுவது சோம்பேறித்தனம். நேரத்தை மாற்றிப் பார்க்காதவரை அக்கறையை அளக்க வழியில்லை. சம்பள நாள் மாலை, ஞாயிறு காலை சந்தைக்குப் போகும் முன், லைன் வீடுகளுக்கு நடுவிலேயே ஒரு திண்ணை என்று வழிகள் உண்டு. பெற்றோரைச் சந்திப்பது ஆசிரியரின் கடமை என்றுதான் பிரிவு 24 சொல்கிறது. பெற்றோர்தான் பள்ளிக்கு வர வேண்டும் என்று அதில் இல்லை.

வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் இருக்கும் பாதை

2024 ஜனவரி 6இல் பந்தலூர் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில், அங்கன்வாடியிலிருந்து தாயோடு வீடு திரும்பிய 3 வயதுப் பெண்குழந்தை சிறுத்தை தாக்கி இறந்துபோனது. தோட்ட வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம். மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாள் மயக்க ஊசி போட்டுச் சிறுத்தையைப் பிடித்தார்கள்.

தாய் கூடவே நடந்துவந்தாள் என்பதை மறந்துவிடக் கூடாது. வீடு தன் பங்கைச் செய்தது. அங்கன்வாடியும் தன் பங்கைச் செய்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த பாதை யாருடையது?

கேள்வியைப் புரிந்துகொள்ள, அந்தப் பகுதியில் எங்கும் இருக்கக்கூடிய ஒரு கற்பனைப் பாதையை எடுத்துக்கொள்வோம். எஸ்டேட் லைனிலிருந்து பள்ளிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். ஒருபக்கம் தேயிலை, மறுபக்கம் புதர் மண்டிய சரிவு, நடுவில் ஓர் ஓடை. இதில்:

1. புதரை வெட்டுவது நிலத்துக்குச் சொந்தக்காரர் வேலை, அதாவது தோட்ட நிர்வாகம். குத்தகை முடிந்து வழக்கில் இருக்கும் நிலமென்றால் யாரைக் கேட்பது என்பதே தகராறு.

2. தெருவிளக்கு உள்ளாட்சியின் வேலை. பாதை தோட்டத்துக்குள் இருந்தால் ‘அது தனியார் வழி’ என்று பதில் வரும்.

3. யானை, சிறுத்தை நடமாட்டம் பற்றி எச்சரிப்பது வனத்துறை.

4. ஓடைக்கு மேல் சின்னப் பாலம் போடுவது உள்ளாட்சி. நிலம் வனத்துறையுடையது என்றால் அவர்கள் அனுமதியும் வேண்டும்.

5. தூரமான, ஆபத்தான குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வாகனமோ வழித்துணையோ ஏற்பாடு செய்யக் கல்வித் துறைக்குத் திட்டமே இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ‘போக்குவரத்து மற்றும் வழிக்காவலர் வசதி’ என்பது அதன் பெயர்.

6. கூட நடப்பது பெற்றோர், அல்லது அக்கம்பக்கத்து வீட்டார்.

ஆறு வேலை, ஐந்து தரப்பு. கல்விச் சட்டத்தில் முகவரி உள்ளவர்கள் இதில் மூன்று பேர்தான்: கல்வித் துறை, உள்ளாட்சி, பெற்றோர். தோட்டமும் வனத்துறையும் அந்தச் சட்டத்துக்கு வெளியே. அந்த இருவரையும் ஒரே மேசைக்குக் கூப்பிடும் வேலையைத்தான் மேலாண்மைக் குழு செய்ய முடியும். என்னைக் கேட்டால், மலையில் இந்தக் குழுவுக்கு மதிப்பெண் கூட்டத்தைவிட இது முக்கியமான வேலை.

ஐந்தாவதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த வசதிக்கான பணம் மத்திய, மாநிலக் கூட்டுத் திட்டத்திலிருந்து வருகிறது. 2024-25ஆம் ஆண்டுக்கான ரூ.2,152 கோடி மத்தியப் பங்கு, பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டம், தேசியக் கல்விக் கொள்கை தொடர்பான பிணக்கில் தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் சண்டை எதைப் பற்றியது என்று செய்தியில் கேட்பவர்கள், மலைப்பாதையில் ஓடும் பள்ளி ஜீப்பும் அந்தத் தலைப்பில் அடக்கம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

எஸ்டேட்டும் ஒரு தரப்பு

சமவெளியில் ‘ஊர்’ என்றால் பஞ்சாயத்து, கோயில் கமிட்டி, இளைஞர் மன்றம். எஸ்டேட்டில் ஊரே கம்பெனியுடையது. வீடு, தண்ணீர்க் குழாய், ரோடு எல்லாம்.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இதை உணர்ந்து எழுதப்பட்டது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் இருந்தால், அல்லது அவர்களின் பிள்ளைகள் 20 பேர் இருந்தால், 6 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தோட்ட நிர்வாகமே குழந்தைகள் காப்பகம் நடத்த வேண்டும் என்றது அது. 6 முதல் 12 வயது வரையிலான தொழிலாளர் பிள்ளைகள் 25க்கு மேல் இருந்தால் அவர்கள் கல்விக்கு வசதி செய்யும்படி மாநில அரசு விதி போடலாம் என்றும் அதில் இருந்தது. நாட்டின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று இப்போது இந்தச் சட்டத்தை உள்வாங்கிவிட்டது. காப்பகமும் கல்வி வசதியும் அதிலும் பேசப்படுகின்றன.

நடைமுறையில் எண்ணிக்கைதான் பிரச்சினை. நிரந்தரத் தொழிலாளர் குறைந்து, ஒப்பந்தத்திலும் வெளிமாநிலத்திலிருந்தும் ஆட்கள் வரும்போது யாரைக் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்வி வருகிறது. கணக்கில் வராத தொழிலாளியின் பிள்ளை காப்பகக் கணக்கிலும் வராது.

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் நிறைய. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கி, பின்னர் டான்டீ என்ற கழகமாகின. அங்கே தோட்ட நிர்வாகம் என்பதும் அரசுதான். பள்ளியும் அரசு, முதலாளியும் அரசு. ஒரே அரசின் இரண்டு துறைகளுக்கு நடுவில் ஒரு புதர் வெட்டப்படாமல் நிற்க முடியும் என்பது வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம்.

அப்புறம் கூடலூரின் ‘செக்‌ஷன் 17’ நிலம். 1969ஆம் ஆண்டு ஜென்ம நில (பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் சிக்கிய நிலங்களில் பட்டா கிடையாது. அங்கே குடியிருக்கும் பல வீடுகளுக்கு மின் இணைப்பும் கிடைக்காமல் இழுத்தடிக்கிறது. மாலையில் வீட்டுப்பாடம் எழுதாமல் வரும் பிள்ளையைக் கேள்வி கேட்கும் முன், அந்த வீட்டில் பல்பு எரிகிறதா என்று ஆசிரியர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கிராம சபை இல்லாத இடத்தில்

பள்ளிப் பிரச்சினையைக் கிராம சபையில் வையுங்கள் என்பது வழக்கமான அறிவுரை. நீலகிரியில் கிராம ஊராட்சிகளே 35தான். பெரும்பகுதி பேரூராட்சி, நகராட்சிக்குள். பந்தலூர் இருப்பது நெல்லியாளம் நகராட்சியில். பெயர்தான் நகராட்சி, உள்ளே தோட்டமும் காடும். அங்கே கிராம சபை கூடாது. வார்டு அளவில் பகுதி சபை என்ற ஏற்பாடுதான் உண்டு. ஊராட்சிகளிலும் 2025 ஜனவரி 5ஓடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கென இருந்த நாற்காலியில் உட்கார ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாமல் போனார்.

மொழி

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு தொல்பழங்குடிகள் வாழும் மாவட்டம் இது. படுகு பேசும் வீடுகள், மலையாளம் பேசும் வீடுகள் தனி. இப்போது வடமாநிலத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். பணியர் வீட்டுப் பிள்ளை முதல் வகுப்பில் உட்காரும்போது ஆசிரியர் பேசும் தமிழும் அதற்குப் பாடம்தான். பேசாமல் இருப்பதை மந்தம் என்று எழுதிவிடுவது எளிது.

இங்கே ஊரால்தான் உதவ முடியும். அதே சமூகத்தில் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த ஒரு பெண் முதல் இரண்டு மாதம் வகுப்பில் உட்கார்ந்தாலே நிலைமை மாறும். கூடலூரில் வித்யோதயா பள்ளி ஆதிவாசிப் பிள்ளைகளுக்கு அவர்கள் சமூகத்து ஆசிரியர்களையே கொண்டு பல ஆண்டுகளாகக் கற்பிக்கிறது. முன்னாள் மாணவர்களுக்குக் குழுவில் இடம் கிடைத்திருப்பதை அரசுப் பள்ளிகள் இதற்குப் பயன்படுத்தலாம்.

அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பெற்றோர் ஒருநாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறித்தான் வர முடியும். அங்கே குழு பெயரளவில் நிற்கும் ஆபத்து அதிகம்.

குழுவால் முடியாதவை

1. ஆசிரியரை இடமாற்றவோ தண்டிக்கவோ முடியாது. புகாரைத் தீர்மானமாக்கி மேலே அனுப்பலாம்.

2. கட்டாய வசூல் செய்ய முடியாது.

3. குழந்தை மீதான பாலியல் குற்றத்தை உள்ளுக்குள் பேசித் தீர்க்க முடியாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தவர் உடனே காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்துப் பேசும் வழக்கம் இங்கே செல்லாது. அழைக்க வேண்டிய குழந்தைகள் உதவி எண் 1098.

4. மழை விடுமுறையை முடிவு செய்ய முடியாது. அது மாவட்ட ஆட்சியர் கையில். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டிய மாவட்டத்தில் அந்த எச்சரிக்கை வேண்டியதுதான். ஆனால் சட்டம் கேட்பது தொடக்க வகுப்புகளுக்கு 200 வேலைநாள். இழந்த நாளைச் சனிக்கிழமையில் ஈடுகட்டும்போது அன்று ஜீப் ஓடுமா, உணவு உண்டா என்று குழு முன்கூட்டியே கேட்கலாம்.

தீர்மானத்தை எழுதும் விதம்

பெரும்பாலான தீர்மானங்கள் ‘பள்ளிக்குச் செல்லும் பாதையைச் சீரமைக்க வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியில் முடிகின்றன. இந்த வரிக்கு யாரும் பதில் எழுத வேண்டியதில்லை. ஏனென்றால் இது யாருக்கும் எழுதப்படவில்லை.

மேலே சொன்ன பாதையையே எடுத்துக்கொண்டால் நான்கு தனித் தீர்மானங்கள் வேண்டும். புதருக்குத் தோட்ட மேலாளர், விளக்குக்கும் பாலத்துக்கும் உள்ளாட்சியின் அலுவலர், விலங்கு எச்சரிக்கைக்கு வனச்சரகர், வாகனத்துக்குக் கல்வித் துறையின் வட்டார வள மையம். ஒவ்வொன்றிலும் எந்த இடம், எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எண்கள் இருக்க வேண்டும். துறைக்குப் போகும் நகல் ஒன்று, பள்ளிக் குறிப்பேட்டில் ஒன்று, தலைவியின் வீட்டில் ஒன்று. அடுத்த கூட்டத்தின் முதல் வேலை, போன மாதத் தீர்மானங்களுக்குப் பதில் வந்ததா என்று வாசிப்பது.

குறிப்பேட்டில் கையெழுத்துப் போடும் முன் அதை வாசித்துக்காட்டச் சொல்லத் தலைவிக்கு உரிமை உண்டு. கைரேகை வைப்பவருக்கும் உண்டு. ஏற்கெனவே எழுதிவைத்த பக்கத்தை நீட்டி ‘இங்க ஒரு கையெழுத்து போடுங்கக்கா’ என்றால், ‘என்ன எழுதியிருக்கு, படிங்க சார்’ என்று கேட்கலாம். கூட்டம் தொடங்குவதே அப்போதுதான்.